எரிந்த நாற்றுப் பண்ணைக்கு விவசாயி என்ன செய்யலாம்?

பயிர் எரிந்தால் ஒரு போகம் போகும். வைக்கோற்போர் எரிந்தால் ஒரு வருஷத் தீவனம் போகும். கன்று உற்பத்தி செய்கிற நாற்றுப் பண்ணை எரிந்தால் எத்தனை வருஷம் போகும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே எரிவது விற்பனைக்கு வைத்திருக்கும் கன்றுகள் மட்டுமல்ல. ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய் மரங்களும், ரகங்களின் பெயர் எழுதிய பதிவேடும் போய்விடுகின்றன. சில சமயம் அவற்றைப் பிள்ளைபோல் வளர்த்த மனிதர்களும் போய்விடுகிறார்கள்.

இப்படி ஒன்று சிலி நாட்டில் நடந்தது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நாடா போல் நீண்டு கிடக்கும் நாடு அது. அங்கே வீன்யா தெல் மார் என்ற கடற்கரை நகரத்தின் ஓரத்தில் தேசியத் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. பரப்பு சுமார் 400 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,000 ஏக்கர். வெடியுப்பு வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஒருவர் 1918-ல் அமைக்கத் தொடங்கிய பூங்கா இது. 1951-ல் அரசுக்குத் தானமாக வந்தது. சுமார் 1,300 வகைச் செடிகொடிகளும் மரங்களும் அங்கே வளர்ந்தன. அவற்றைப் பெருக்கித் தர உள்ளேயே ஒரு நாற்றுப் பண்ணையும் இருந்தது.

தீயில் போனது

நமக்குப் பிப்ரவரி பனி விலகும் காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் சிலிக்கு அது நடுக்கோடை. 2024-ம் வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி வெள்ளிக்கிழமை, கடும் வெயிலும் பலத்த காற்றும் சேர்ந்திருந்த வேளையில், அந்த வட்டாரத்துக் காடுகளில் தீப்பிடித்தது. காய்ந்த புதரும், யூகலிப்டஸ், பைன் தோப்புகளும் தீக்குத் தீனியாயின. மலைச் சரிவுகளில் நெருக்கமாகக் கட்டியிருந்த குடியிருப்புகளுக்குள் தீ புகுந்தது. 130-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2010-ம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பிறகு சிலி கண்ட பெரிய உயிர்ச்சேதம் இதுதான். வேண்டுமென்றே தீ வைத்ததாக அதே வருஷம் மே மாதம் இருவர் கைதானார்கள்.

தாவரவியல் தோட்டத்தில் சுமார் 90 சதவீதம் எரிந்து போயிற்று. நாற்றுப் பண்ணையைப் பார்த்து வந்த பெண்மணி, அவருடைய வயதான தாயார், இரண்டு பேரக் குழந்தைகள் ஆகிய நால்வரும் தோட்டத்துக்குள்ளேயே தீயில் மாண்டார்கள். செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் செடியும் ஓர் உயிருக்கு ஈடாகாது. காட்டுத்தீ நெருங்கும்போது பண்ணையைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே நிற்பது தைரியமல்ல.

தன் தீவிலேயே அழிந்த மரம்

அந்தத் தோட்டம் வளர்த்து வந்த அபூர்வ மரங்களில் ஒன்று தோரோமீரோ. சிலிக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவு நிலத்திலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில் இருக்கிறது. உலகத்தில் அந்தத் தீவில் மட்டும் இயற்கையாக வளர்ந்த சிறு மரம் இது. அவரை, துவரை போன்ற பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூப் பூக்கும். தீவு மக்கள் இதன் கட்டையில்தான் சிற்பங்கள் செதுக்கினார்கள். வெட்டியதும், ஆட்டு மந்தைகள் மேய்ந்ததும் சேர்ந்து மரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தன. கடைசி மரம் ஓர் அணைந்த எரிமலையின் வாய்க்குள் ஒதுங்கி நின்றது. 1960-ஐ ஒட்டி அதுவும் போயிற்று.

ஆனால் மரம் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. தோர் ஹையர்தால் என்ற நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் 1950-களின் நடுவில் அந்தத் தீவுக்குப் போனபோது, அந்த மரத்தின் விதையைக் கொண்டு வந்தார். ஸ்வீடன் நாட்டில் கோத்தன்பர்க் தாவரவியல் தோட்டத்தில் அது முளைத்தது. வேறு சிலர் வழியாக வந்த விதையிலிருந்து சிலி நாட்டிலும் கன்றுகள் வளர்ந்தன. வீன்யா தெல் மார் தோட்டம் அவற்றைப் பெருக்கி வந்தது. பிறந்த மண்ணில் அழிந்த மரத்தை உயிரோடு வைத்திருந்தவை நாற்றுப் பண்ணைகள்தான்.

2024-ல் வீன்யா தெல் மார் எரிந்தபோதும் தோரோமீரோ அடியோடு அழியவில்லை. காரணம், அது ஓரிடத்தில் மட்டும் இல்லை. கடல் தாண்டிப் பல தோட்டங்களில் அதன் கன்றுகள் நின்றன. கொடுத்து வைத்தவனுக்குக் கெட்ட காலத்தில் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கும். எரிந்த பண்ணைக்கு உதவி செய்வதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

நம் பக்கத்துக்கு இது பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். நம் மலையடிவாரங்களிலும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில், மலையேறப் போனவர்கள் 20-க்கு மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் நர்சரி வைத்திருப்பவர்கள் பலர் சிறு முதலீட்டுக்காரர்கள். தென்னங்கீற்றுப் பந்தல், மூங்கில், பாலிதீன் பை, பிளாஸ்டிக் குழாய் எல்லாமே ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருள்கள். அப்படி ஒரு பண்ணை எரிந்தால் சுற்றியுள்ள விவசாயிகள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் வாரத்தில் அவசரம் கூடாது

தீ அணைந்த மறுநாளே ஆள் திரட்டிக்கொண்டு போய்க் கருகியதையெல்லாம் பிடுங்கி எறிவது உதவியல்ல. அடிமரத்திலும் வேரிலும் நெருப்புக் கனன்றுகொண்டே இருக்கும். பாதி எரிந்த மரம் காற்றில்லாத நேரத்திலும் சாயும். மின்கம்பி அறுந்து கிடக்கலாம். தீயணைப்பு நிலையத்தாரும் மின்வாரியத்தாரும் பார்த்துச் சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும்.

எதையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுத்துக்கொள்வது அவசியம். எத்தனை கன்று, என்ன ரகம், எத்தனை அடி பந்தல், எந்த மோட்டார் என்று பட்டியல் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கடன் கொடுத்த வங்கியிலும் கொடுக்க வேண்டும். பண்ணைக்காரர் திகைத்துப் போயிருப்பார். கூட இருந்து எழுதிக் கொடுப்பதே அன்றைக்குப் பெரிய உதவி.

உருகிய பாலிதீன், குழாய் ஆகியவற்றைக் குவித்து மறுபடி கொளுத்தக் கூடாது; அந்தப் புகை நஞ்சு. தனியே சேர்த்து அகற்ற வேண்டும். கிணற்றையும் தொட்டியையும் சாம்பல் விழாமல் மூடி வைக்கலாம். சாம்பல் உரம்தானே என்று நாற்று மண்ணில் அள்ளிக் கொட்டுவதும் தவறு. அளவு மிஞ்சினால் மண்ணின் காரத்தன்மை ஏறி இளங்கன்று வெளுத்துப் போகும்.

ஒட்டுக்கு மேலா, கீழா?

இலை கருகிய மரமெல்லாம் செத்த மரமல்ல. கட்டைவிரல் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் சற்றுக் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். இரண்டு மாதம் பொறுத்திருந்து, துளிர்க்கும் இடம் வரை பார்த்து வெட்டினால் போதும்.

வெட்டிய வாயில் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பிறகு கலக்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் ஆகாது. நிழல் இழந்த அடிமரத்தை வெயில் வெடிக்க வைக்கும். அதற்குச் சுண்ணாம்பு நீர் அடிப்பது நல்லது. புதுத் துளிர் வரும்வரை யூரியா வேண்டாம். அளவான தண்ணீரே போதும்.

ஒட்டு மரங்களில் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. தீயில் ஒட்டுக்கு மேலுள்ள பாகம் செத்து, கீழுள்ள வேர்ச்செடி மட்டும் தழைக்கும். ‘மரம் பிழைத்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டு அதிலிருந்து குச்சி எடுத்து ஒட்டினால், நான்கு வருஷம் கழித்துக் காய்ப்பது பெயர் தெரியாத நாட்டு மாங்காயாக இருக்கும். துளிர் ஒட்டுக்கு மேலே வந்ததா, கீழே வந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். கீழே வந்திருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய வேர் பலமான வேர். நல்ல துளிரில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தி, அதன்மேல் சரியான ரகத்தை மறுபடி ஒட்டலாம். அந்தச் சரியான ரகத்தின் குச்சி எங்கே கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

குச்சியைத் திருப்பிக் கொடுங்கள்

அது உங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன், பத்து வருஷத்துக்கு முன் அந்தப் பண்ணையில் வாங்கி நட்ட கன்றுகள் இன்று காய்க்கும் மரங்களாக நிற்கின்றன. எரிந்த தாய் மரத்தின் பிள்ளைகள் அவை. தோரோமீரோவுக்குக் கடல் கடந்த தோட்டங்கள் எப்படியோ, எரிந்த பண்ணைக்கு உங்கள் வயல் அப்படி.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. குறைந்தது மூன்று நான்கு பருவம் காய்த்து, ரகம் இன்னதென்று சந்தேகமில்லாமல் தெரிந்த மரத்திலிருந்தே கொடுக்க வேண்டும். மாவானால் பென்சில் பருமனுள்ள, மூன்று நான்கு மாதம் முற்றிய நுனிக் குச்சி சரியானது. வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலைகளை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டால் நுனி மொட்டு திரண்டு வரும். காலையில் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அன்றே கொண்டு சேர்ப்பது நல்லது. ஒவ்வொரு கட்டிலும் ரகத்தின் பெயர், மரத்தின் வயது, உங்கள் பெயர், தேதி எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத குச்சி உதவியல்ல, குழப்பம்.

நோயுள்ள மரத்திலிருந்து கொடுக்கவே கூடாது. எலுமிச்சை, நாரத்தை வகைகளில் நச்சுயிரி நோய்கள் குச்சி வழியாகவே பரவும். முடிக்கொத்து நோய் கண்ட தோட்டத்து வாழைக் கன்றும் ஆகாது. இரக்கப்பட்டுக் கொடுத்தது ஊர் முழுவதற்கும் நோயாகிவிடக் கூடாது.

விதையைச் சேர்த்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நெல், சோளம், அவரை விதைகளை உலர்த்திக் குளிரில் வைத்தால் பல வருஷம் தாங்கும். சிலியிலும் விகூன்யா என்ற ஊரில் அப்படி ஒரு விதை வங்கி இருக்கிறது. ஆனால் மா, பலாக் கொட்டைகளை உலர்த்தினால் முளைப்புத் திறன் போய்விடும். அப்படியே முளைத்தாலும் பல ரகங்களில் தாயைப் போலப் பிள்ளை இருக்காது. ஆகவே பழமரங்களைக் காப்பாற்ற உயிருள்ள மரம் ஒன்றே வழி. ஓர் அபூர்வ ரகம் உங்களிடம் இருந்தால், ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று இடங்களிலாவது அது நிற்கும்படி இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

பணமும் ஆளும்

ஒட்டுக் கட்டிய கன்று நடவுக்குத் தயாராக ஏறக்குறைய ஒரு வருஷம். அதுவே போதிய குச்சி தரும் தாய் மரமாக மூன்று நான்கு வருஷம். அதுவரை பண்ணைக்காரருக்கு வருமானம் இல்லை. அந்த இடைவெளியில்தான் பல பண்ணைகள் மூடப்படுகின்றன.

முன்பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் அவர் எழுந்திருக்கவே முடியாது. அதே சமயம், சிறு விவசாயி தன் பணத்தை விட்டுவிடவும் முடியாது. இன்ன ரகம், இத்தனை கன்று, இன்ன மாதம் என்று புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு தவணை கொடுப்பது இருவருக்கும் நல்லது. அவசரத் தேவை இருப்பவர்கள் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழமரக் கன்று வரும் வரை, சீக்கிரம் கைக்கு வரும் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளையும் முருங்கைக் கன்றுகளையும் அவரிடமே கேட்டு வாங்கினால் வாராவாரம் கொஞ்சம் காசு புரளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். நெருக்கடியில் இருக்கும் பண்ணைக்காரர் எங்கிருந்தோ கன்று வாங்கித் தம் பண்ணைக் கன்று என்று விற்கத் துணியலாம். வெளிக்கன்று என்றால் வெளிக்கன்று என்றே சொல்லி விற்கச் செய்யுங்கள். ரகம் மாறினால் நஷ்டம் உங்களுக்குப் பத்து வருஷம். கெட்ட பெயர் அவருக்கு ஆயுள் முழுவதும்.

ஒட்டுக் கட்டும் ஆட்களையும் மறக்கக் கூடாது. கத்தி பிடிக்கும் கை ஒரு நாளில் வருவதல்ல. வேலையில்லாமல் அவர்கள் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விட்டால், பந்தல் திரும்ப எழுந்தாலும் பண்ணை எழாது. உங்கள் தோட்டத்திலேயே கவாத்து, பழைய மரத்தில் புது ரகம் ஒட்டுதல் போன்ற வேலைகளை அந்தப் பருவத்தில் அவர்களுக்குக் கொடுங்கள். மூங்கில், கீற்று, மக்கிய தொழு உரம், செம்மண் வண்டி என்று பொருளாகக் கொடுப்பதும் பணத்துக்குச் சமம். எது தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மண்ணைப் பிடித்து வையுங்கள்

தீ பட்ட சரிவில் முதல் மழை தண்ணீராக இறங்காது. சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்த குழம்பாக ஓடும். கடுந்தீயில் வெந்த மண் தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். மழைக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே கல்வரப்புப் போட வேண்டும். கருகிய கிளைகளைக் குறுக்கே கிடத்தி முளையடிக்கலாம். ஈரம் கிடைத்ததும் கொள்ளு, சணப்பு விதைத்துவிட்டால் மண்ணுக்கு உடுப்புக் கிடைத்துவிடும்.

அடுத்த தீ வருமுன்

வீன்யா தெல் மார் தோட்டத்தில் இப்போது கன்று நடுகிற முறையே மாறியிருக்கிறது. தொண்டர்கள் வந்து நாட்டு மரக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். மெதுவாக எரியும் லித்ரே, கியாய் போன்ற அந்நாட்டு மரங்களைத் தோட்டத்தின் ஓரத்தில் முன்வரிசையாக வைக்கிறார்கள். கியாய் மரத்தின் பட்டை நம் பூந்திக்கொட்டை போல நுரைக்கும். வெட்டினாலும் எரிந்தாலும் அடியிலிருந்து தழைக்கும் மரம் அது.

அதே தீயில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பக்கத்து ஊரான கில்புவேயில் பொட்டானியா என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே மக்கள் கோடைக்கு முன்பே வனத்துறையாரின் ஆலோசனைப்படி குப்பையை அகற்றி, காய்ந்த புல்லை வெட்டி, மரங்களைக் கவாத்து செய்து, சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு போட்டிருந்தார்கள். சுற்றுப்புறம் எரிந்தது, அந்த வீடுகள் தப்பின. மண்வெட்டியும் அரிவாளும் சில நாள் உழைப்பும் செய்த வேலை அது.

நம் பண்ணைகளிலும் தை மாதத்துக்குள் வேலியை ஒட்டி 15 முதல் 20 அடி அகலத்துக்குப் புல்பூண்டு இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். காட்டு எல்லைக்குள் எதையும் வெட்டுவதானால் வனத்துறையைக் கேட்டே செய்ய வேண்டும். காய்ந்த தென்னை மட்டையைப் பந்தலோரம் குவிக்கக் கூடாது. தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். பண்ணைக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரு வழி புகையில் மூடினால் மறுவழியில் வெளியேறலாம். ரகப் பதிவேட்டின் பிரதி ஒன்று வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கட்டும். தாளடியையும் குப்பையையும் நடுப்பகல் காற்றில் கொளுத்தும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். நம் வயலில் கிளம்பும் பொறிக்கு எல்லைக்கல் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த மரம் எந்தப் பண்ணையில் வாங்கியது, என்ன ரகம், எந்த வருஷம் நட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கன்று வாங்கிய பண்ணைக்காரரிடம் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கொடுங்கள். என்றாவது ஒரு நாள் அவருடைய பந்தல் சாம்பலாகிப் போனால், அவர் முதலில் தேடி வர வேண்டிய வீடு எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.